ஒரே பவர் பிளக், ஒன்பது சாதனங்கள்

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பு கட்டிய வீடுகளில் எலக்ட்ரிக் வேலை செய்தவர் போட்ட கணக்கு எளிமையானது. அறைக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், சுவிட்ச் போர்டிலேயே ஒரு சின்ன பிளக். சமையலறையில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஒன்று. குளியலறையில் கீசருக்கென்று ஒரு பெரிய பிளக். கொஞ்சம் வசதியான வீடென்றால் ஏ.சி.க்கு இன்னொன்று. அவ்வளவுதான். இன்று அதே சமையலறை மேடையில் இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கெட்டில், ஏர் ஃப்ரையர் எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. சுவரில் இருக்கும் பவர் பிளக் மட்டும் அதே ஒன்றுதான். வாடகை வீடாக இருந்தால் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். புது லைன் இழுக்கும் பேச்சை எப்படி எடுப்பது?

இருப்பதை வைத்துக்கொண்டு, ஒயரையும் வீட்டையும் கருக்காமல் சமாளிக்கும் வழிகள் இவை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடங்களையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். அங்கே கைவைத்தியம் வேண்டாம்.

1. முதலில் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் இரண்டு வகை பிளக்குகளின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழைய ஆட்கள் இவற்றை 5 ஆம்ஸ், 15 ஆம்ஸ் என்பார்கள்; இரண்டும் ஒன்றுதான். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஆறை 230ஆல் பெருக்கினால் 1380 வாட். பதினாறைப் பெருக்கினால் 3680 வாட். இது உச்ச எல்லை. மணிக்கணக்கில் ஓடும் பொருள் என்றால் சின்ன பிளக்கில் 1100 வாட், பெரியதில் 3000 வாட் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம்: சின்ன பிளக்கின் கீழ்ப் பின்கள் 5 மில்லிமீட்டர் பருமன், பெரியதில் 7 மில்லிமீட்டர்.

2. ஒவ்வொரு சாதனத்தையும் திருப்பிப் பார்த்து, அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: இண்டக்‌ஷன் அடுப்பு 1800 முதல் 2100 வாட், தண்ணீர் தேக்கிச் சூடாக்கும் கீசர் 2000, உடனடி கீசர் 3000, கெட்டில் 1500, ஏர் ஃப்ரையர் 1500, தண்ணீர் சூடாக்கும் ராடு 1000 முதல் 1500, அயர்ன் பாக்ஸ் 1000, மிக்ஸி 500 முதல் 750, ரைஸ் குக்கர் 700, கிரைண்டர் 150 முதல் 200. ஆம்பியர் வேண்டுமென்றால் வாட்டை 230ஆல் வகுக்க வேண்டும். மனக்கணக்குக்கு ஆயிரம் வாட்டுக்கு நாலரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். சுற்றுகிற பொருளைவிடச் சுடுகிற பொருள்தான் மின்சாரத்தை விழுங்குகிறது. நாள் முழுக்கச் சத்தம் போட்டு மாவாட்டும் கிரைண்டர், சத்தமே இல்லாத கெட்டிலில் ஏழில் ஒரு பங்குகூட இழுப்பதில்லை.

3. இரண்டு பொருள்கள் இந்தப் பட்டியலில் ஏமாற்றும். மைக்ரோவேவ் அட்டைப்பெட்டியில் 800 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200, 1300 வாட். பின்பக்கத் தகட்டில் இது தனியாக இருக்கும், அதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று வாஷிங் மெஷின். மேலே மூடி உள்ள சாதாரண மெஷின் 400, 500 வாட்டோடு நின்றுவிடும். முன்பக்கம் கதவு உள்ளது, வெந்நீரில் துவைக்கும் வசதியுள்ளது என்றால் உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கும். அது ஓடும்போது 2000 வாட் போகும். குளிர்ந்த நீரில் துவைப்பதாக வைத்துவிட்டால் அந்த ஹீட்டர் வேலை செய்யாது.

4. பெரிய பிளக் இருப்பதாலேயே பின்னால் தடிமனான ஒயர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். குடித்தனம் வருபவர் கேட்கிறார் என்று, லைட் லைனிலேயே பெரிய சாக்கெட் ஒன்றை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊரில் உண்டு. லைட், ஃபேன் லைனுக்கு ஒரு ஸ்கொயர் அல்லது ஒன்றரை ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர் போதும். பவர் பிளக்குக்கு இரண்டரை அல்லது நாலு ஸ்கொயர் செம்பு ஒயர் வேண்டும். ஒரு ஸ்கொயர் ஒயர் குழாய்க்குள் பதினோரு, பன்னிரண்டு ஆம்பியர்தான் தாங்கும். அதில் இண்டக்‌ஷனும் கெட்டிலும் சேர்ந்தால் பதினான்கைத் தாண்டும்.

கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பகலில் எல்லா லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு, டி.பி. பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரிந்து போகும் பெட்டி) உள்ள எம்.சி.பி.க்களை (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்குங்கள். பவர் பிளக் எந்த எம்.சி.பி.யில் அணைகிறதோ, அதே எம்.சி.பி.யில் அறையின் லைட்டும் ஃபேனும் சேர்ந்து அணைந்தால், அந்த பிளக் லைட் லைனிலிருந்து லூப் அடித்து எடுத்தது என்று அறிக. அதில் இண்டக்‌ஷன், கீசர், கெட்டில் எதுவும் வேண்டாம்.

5. இந்தச் சோதனை செய்யும்போதே கையோடு ஒரு வேலையை முடித்துவிடுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எந்த பிளக்குக்கு என்று ஒரு சிறு தாளில் எழுதி டி.பி. பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். சமையலறையில் ஒன்று, பால்கனியில் ஒன்று என இரண்டு பவர் பிளக் இருந்தும், இரண்டும் ஒரே எம்.சி.பி.யில் அணைகின்றனவா? அப்படியானால் உங்களிடம் இருப்பது கணக்குப்படி ஒரே பிளக்தான்.

6. சரி, ஒரே பிளக்கை எத்தனை பேர் பங்கு போடுவது? எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்துப் பங்கு போடாமல், நேரம் வைத்துப் பங்கு போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றலாம்.

ஒரு சாதாரணக் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். சமையலறை பிளக்கும் குளியலறை கீசரும் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் இருக்கின்றன. கீசர் 2000, இண்டக்‌ஷன் 1800, இரண்டும் சேர்ந்தாலே 3800, எல்லை தாண்டியாயிற்று. இதற்கு நடுவே யாராவது கெட்டிலைப் போட்டால் 5300 வாட். ஆனால் 15 லிட்டர் கீசர் நம் ஊர்த் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய பதினைந்து நிமிடம் போதும். 25 லிட்டர் என்றால் இருபத்தைந்து நிமிடம். உள்ளே வெப்பம் வெளியேறாத உறை இருப்பதால் அணைத்த பிறகும் பல மணி நேரம் சூடு நிற்கும். எனவே ஐந்தரைக்குக் கீசர், ஐந்தேமுக்காலுக்கு அதை அணைத்துவிட்டு இண்டக்‌ஷன். இட்லி வேகும் இருபது நிமிடத்தில் வேறு எம்.சி.பி.யில் உள்ள சின்ன பிளக்கில் மிக்ஸி ஓடட்டும், சட்னி ஆகிவிடும். அடுப்பு அணைந்த பின் மைக்ரோவேவ். துணி தேய்ப்பது முந்தின இரவு. வாஷிங் மெஷின் பதினோரு மணிக்கு மேல்.

கீசரைச் சுவிட்சில் அணைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதே என்று விட்டால், தண்ணீர் ஆறும்போது அது தானாகவே மறுபடி இழுக்கத் தொடங்கும். சரியாக நீங்கள் தோசைக்கல்லை வைத்திருக்கும் நேரத்தில். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் கீசர் சுவிட்சுக்கு மேல் 'அடுப்பு ஓடுகிறதா?' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

7. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு ஓட்டை இருக்கலாம், சுவருக்குப் போகும் ஒயர் ஒன்றுதான். பந்தியில் எத்தனை இலை போட்டாலும் சோறு ஒரே அண்டாவிலிருந்துதானே வர வேண்டும். சின்ன பின் உள்ள பெட்டி என்றால் ஆறு ஓட்டையும் சேர்ந்து 1380 வாட்டுக்கு மேல் கூடாது. மலிவான பெட்டிகளின் ஒயர் இதையே தாங்காது. டி.வி., செட்டாப் பாக்ஸ், மோடம், லேப்டாப், செல்போன் சார்ஜர், மேஜை விளக்கு எல்லாம் ஒன்றாகச் செருகினாலும் முந்நூறு, நானூறு வாட்டைத் தாண்டாது. அதற்குத்தான் அந்தப் பெட்டி. இண்டக்‌ஷன், கெட்டில், ஹீட்டர், ஏர் ஃப்ரையர், ஹேர் டிரையர், ஏ.சி. ஆகியவை அதன் பக்கமே வரக் கூடாது. ஒரு பெட்டியின் ஓட்டையில் இன்னொரு பெட்டியைச் செருகித் தொடர்வண்டி விடுவதும் கூடாது.

ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதும் இதே கணக்குக்குள்தான் வரும். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் அது டி.வி.யைக் காக்கும்; சுவரில் உள்ள ஒயரின் திறனைக் கூட்டாது.

8. பிளக் ஒரு மூலையிலும் அடுப்பு இன்னொரு மூலையிலும் இருக்கிறது, ஒயரை நீட்டாமல் வழியே இல்லை என்றால், கடையில் தொங்கும் பெட்டியை வாங்காமல் ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக், மறுமுனையில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றே ஒன்று, நடுவில் இரண்டரை ஸ்கொயர் மூன்று கோர் செம்புக் கேபிள். எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாதனம். பாய், தரைவிரிப்பு, கதவிடுக்கு, கேஸ் அடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் ஓட விடாதீர்கள். முக்கியமாக, மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைக்காதீர்கள். ஓடும் ஒயர் எப்போதும் கொஞ்சம் சூடாகும். விரித்துக் கிடந்தால் சூடு காற்றில் போய்விடும், சுருட்டி வைத்தால் உள்ளேயே தேங்கி மேலுறையை இளக்கிவிடும். உருளையில் சுற்றி வரும் நீளக் கேபிள்களில், முழுதும் விரித்தால் இத்தனை வாட், சுற்றியிருந்தால் இத்தனை வாட் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும்.

9. பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் செருக உதவும் கன்வர்ஷன் பிளக் எல்லா எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது. என் தீர்ப்பு: வீட்டில் இருந்தால் குப்பையில் போடுங்கள். இந்தச் சாதனம் சின்ன பிளக்குக்கு ஆகாது என்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும் உணர்த்துவதற்காகத்தான் பின்னைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காவலைச் சில ரூபாய் கொடுத்து நாமே நீக்கிக்கொள்கிறோம். பின்னை மாற்றிச் சின்ன பிளக்காகப் போட்டுத் தரும் கடைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

10. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் பல வீடுகளில் உண்டு. அவற்றில் இருப்பது சதுரப் பின்கள் கொண்ட 13 ஆம்பியர் பிளக். 3000 வாட் வரை இழுக்கும் கெட்டில்கூட அதில் வரும். அதை எல்லாப் பின்னும் பொருந்தும் அடாப்டரில் மாட்டிச் சின்ன சாக்கெட்டில் செருகுவது மேலே சொன்ன அதே தவறு. வாட்டைப் பார்த்து, 16 ஆம்பியர் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட் சாதனமாக இருக்கலாம். பின் மாற்றினாலும் இங்கே அது புகைந்துவிடும்.

11. எம்.சி.பி. விழுந்தால் எரிச்சல் வரும்தான். 'சார், 16ஐ எடுத்துட்டு 32 போட்டுடலாம், அப்புறம் விழவே விழாது' என்று யோசனை சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். விழாது, உண்மைதான். அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும். எம்.சி.பி. காப்பது உங்கள் மிக்ஸியை அல்ல, அந்த ஒயரை. ஒயர் மாறாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவதற்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி கட்டுவதும் இதே கதைதான். அங்கே பாதுகாப்பு என்று எதுவுமே மிச்சமில்லை.

விழவில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்றும் நினைத்துவிட வேண்டாம். எம்.சி.பி.யின் தரவிதிப்படியே, 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது. 23 ஆம்பியர் போனாலும் விழுவதற்கு அதற்கு ஒரு மணி நேரம்வரை அவகாசம் உண்டு. ஆறாவது குறிப்பில் கீசரும் இண்டக்‌ஷனும் கெட்டிலும் சேர்ந்து இழுத்த 5300 வாட் இருக்கிறதே, அது சரியாக 23 ஆம்பியர். காப்பி குடித்து, குளித்து, டிபன் சாப்பிட்டு முடிக்கும்வரை எம்.சி.பி. பேசாமல் இருக்கலாம். ஒயர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டிருக்கும்.

12. ஓவர்லோடைவிட எனக்கு அதிகம் பயம் தருவது லூஸ் கனெக்‌ஷன். பல வருடம் செருகிச் செருகி எடுத்த சாக்கெட்டுக்குள் பித்தளைப் பிடி தளர்ந்துவிடும். சின்னதும் பெரியதும் இரண்டுமே பொருந்தும் சிக்ஸ் பின் சாக்கெட்டில் இது சீக்கிரம் நடக்கும். பின்னும் பிடியும் முழுதாகத் தொடாமல் ஓரமாக உரசிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மின்தடை உண்டாகிறது. தடை அரை ஓம் என்று வையுங்கள். மிகச் சின்ன அளவுதான். அதன் வழியே பத்து ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு பிறக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல் இரண்டை உங்கள் சுவிட்ச் போர்டுக்குள் சொருகி வைத்தது போலாகும். இதில் மொத்த லோடு எல்லைக்குள்தான் இருக்கிறது என்பதால் எம்.சி.பி.யும் விழாது.

இதைக் கண்டுபிடிக்க மூக்கு உதவும். சுவிட்ச், சாக்கெட்டுகளில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை வரும். சைவச் சமையலறையில் மீன் வாடை வந்தால் எலி செத்துக் கிடக்கிறதா என்று பரணில் தேடுவதற்கு முன், பவர் பிளக்கை மோந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்: ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம், பின்னில் கருப்பு, பிளக்கின் பக்கவாட்டில் உருகல். காதுக்கு: மெல்லிய 'கிர்' சத்தம். சுவிட்ச் போட்டதும் பிளக்கை லேசாக ஆட்டினால்தான் ஓடுகிறது என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். மாற்றும்போது சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். கருகிய பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால், புதிதும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும்.

13. தொட்டுப் பார்க்கும் சோதனை. அதிக வாட் சாதனம் இருபது நிமிடம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் சாக்கெட்டோ பிளக்கோ கெட்டுவிட்டது. ஒயரையும் முழு நீளம் தடவுங்கள். ஓர் இடம் மட்டும் சுட்டால் அங்கே உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன.

14. ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். முதலில் சுவிட்ச், பிறகு பிளக். ஓடும்போது பிடுங்கினால் ஒரு பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் பித்தளையில் ஒரு சிறு குழி. அந்தக் குழிகள்தான் பின்னாளில் லூஸ் கனெக்‌ஷன். ஒயரைப் பிடித்து இழுக்கும் பழக்கமும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

15. மேலே உள்ள தடித்த பின் எர்த். அதை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு செருகுவதும், டூ பின் பிளக்காக மாற்றுவதும் கீசர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற இரும்பு உடம்புப் பொருள்களில் உயிரோடு விளையாடுவது. சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தாலும் அதன் பின்னால் எர்த் ஒயர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வாஷிங் மெஷினைத் தொடும்போது விரலில் 'சுர்'ரென்று இழுத்தால் எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்காமல் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், இது ஆளைக் காக்கும். அதன் முகத்தில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

16. ராடு ஹீட்டரைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தண்ணீர் சூடானதும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகே தண்ணீரில் விரலை விடவும். குழந்தைகள் உள்ள வீட்டில் ராடே வேண்டாம்.

17. ஃபிரிட்ஜுக்குத் தனி பிளக் கொடுங்கள், முடிந்தால் வேறு எம்.சி.பி.யில். ஓடும்போது அது 150, 200 வாட்தான். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதோடு, யாரோ கெட்டில் போட்டு எம்.சி.பி. விழுந்து, அது தெரியாமல் நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரும்போது ஃபிரிட்ஜைத் திறக்கவே முடியாது.

18. ஏ.சி.க்கு டி.பி. பாக்ஸிலிருந்து நேராக வரும் தனி லைன், நாலு ஸ்கொயர் ஒயர், தனி எம்.சி.பி. இதில் பேரமே இல்லை. வீடு மாறும்போது 'பக்கத்துல இருக்குற பிளக்ல இப்போதைக்கு ஓட்டுங்க' என்று மாட்ட வந்தவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். இப்போதைக்கு என்பது மூன்று கோடை ஓடும்.

19. இன்வெர்ட்டர் இணைப்புள்ள சாக்கெட் எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் பரவலாக உள்ள 850, 900 வி.ஏ. இன்வெர்ட்டர் எழுநூறு வாட் அளவுக்குத்தான் தாங்கும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றை அந்த லைனில் செருகினால் கரண்ட் போகும் நேரத்தில் இன்வெர்ட்டர் அலறி நிற்கும்; வீடு முழுக்க இருட்டு.

20. வாங்கும்போதே குறைந்த வாட் பொருளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி யோசியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 1500 வாட் கெட்டிலுக்கு மூன்றரை நிமிடம் ஆகும் என்றால், 600 வாட் கெட்டிலுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். மின்கட்டணம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்து நிமிடம் பொறுத்தால் சின்ன பிளக்கிலேயே வேலை முடிகிறது. 3000 வாட் உடனடி கீசருக்குப் பதில் 2000 வாட் தேக்கும் கீசர், 700 வாட் ரைஸ் குக்கர் என்று போனால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. பல மாடல்களில் குறைந்த அளவுக்கு வைத்தாலும் உள்ளே ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுத்து, சற்று நிறுத்தி, மறுபடி இழுக்கும். அதன் இடம் பெரிய பிளக்தான்.

21. புது லைன் இழுப்பது நினைக்கும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. சுவரை உடைக்காமல், பி.வி.சி. கேசிங் பட்டை ஓட்டி, டி.பி. பாக்ஸிலிருந்து சமையலறைக்கு நாலு ஸ்கொயர் ஒயரில் பேஸ், நியூட்ரல் இரண்டும், கூடவே பச்சை எர்த் ஒயரும் கொண்டுவந்து, ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் வைத்தால் போதும். எலக்ட்ரீஷியனிடம் பேசும்போது 'ஒரு பவர் பாயின்ட் வேணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்து போர்டிலிருந்து லூப் அடித்துவிட்டுப் போய்விடுவார். 'டி.பி.யிலிருந்து தனி லைன், நாலு ஸ்கொயர், தனி எம்.சி.பி.' என்று சொல்லுங்கள். ஒயர் சுருளின் மேல் அளவையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நீங்களே படியுங்கள். பிளக், சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293, ஒயருக்கு ஐ.எஸ். 694 என்ற எண் இருக்கும். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் போலியா என்று பார்க்கலாம்.

அரசு உரிமம் பெற்ற மின்கம்பியாளராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் பேசும் விதம் ஒன்று உண்டு. 'எங்களுக்கு வசதிக்காக' என்று தொடங்கினால் மறுத்துவிடுவார். கருகிய சாக்கெட்டை செல்போனில் படம் எடுத்துக் காட்டி, 'உங்க வீட்டு ஒயரிங் இப்படி இருக்கு, செலவை நாங்க போடுறோம், வாடகையில கழிச்சுக்கலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். அலுமினிய ஒயர் ஓடும் மிகப் பழைய வீடு என்றால் பவர் பிளக்கோடு நிற்காமல் முழு ஒயரிங்கையும் பரிசோதிக்கச் சொல்வது உங்கள் இருவருக்குமே நல்லது.

22. த்ரீ பேஸ் இணைப்புள்ள அடுக்குமாடிகளில் ஒரு பேஸ் போனால், பேஸ் சேஞ்சரைத் திருப்பி கரண்ட் உள்ள பேஸுக்கு மாறிக்கொள்வோம். அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லாரும் அதையேதான் செய்வார்கள். போன பேஸ் சுமந்த லோடும் மிச்சமுள்ள பேஸ்களின் தலையில் விழும். திருப்புவதற்கு முன் ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். லைட்டும் ஃபேனும் ஓடினால் அந்த நேரத்துக்குப் போதும். புதிதாக ஏ.சி., கீசர் சேர்த்திருந்தால் உங்கள் மின் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்றும் பாருங்கள். போதாது என்றால் மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளலாம்.

23. பிளக்கிலிருந்து புகையோ பொறியோ வந்தால் அந்த பிளக்கைத் தொடாதீர்கள், அதன் சுவிட்சையும் தேடாதீர்கள். நேராக மெயின் சுவிட்சை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணல், பவுடர் வகை அல்லது கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் பயன்படுத்தலாம். தீ பரவினால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 101 அல்லது 112க்கு அழையுங்கள். தீ அணைந்த பிறகு, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் மெயினைத் திரும்ப ஏற்ற வேண்டாம்.

24. மீட்டர்வரை, அதாவது கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், மீட்டர் ஆகியவற்றில் கோளாறு என்றால் அது மின்வாரியத்தின் வேலை. தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் உள்ள ஒயர், எம்.சி.பி., சாக்கெட் எல்லாம் வீட்டில் இருப்பவர் பொறுப்பு.